சிங்கப்பூர் வாடகை வீடு: மன்னார்குடியில் இருந்துகொண்டே முன்பணம் அனுப்பலாமா?

பாமணியாறு, மன்னார்குடி

வணக்கம். ஜூலை முதல் வாரம் சிங்கப்பூரில் வேலையில் சேரவேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான, அதாவது வேலை அனுமதிக்கான, ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது, அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில். மனைவியும் நான்கு வயது மகளும் ஆடி கழிந்து ஆவணியில் வருவதாக ஏற்பாடு. அவர்களுக்கான டிபென்டென்ட் பாஸ் விண்ணப்பமும் போயிருக்கிறது. வாடகைக்கு மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்க முடியும்.

இணையத்தில் விளம்பரம் பார்த்துக் கேட்டதில் ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருக்கிறார். தெம்பனிஸில் '3 ரூம்' வீடு, வாடகை 2,200. "நிறையப் பேர் கேட்கிறார்கள், ஒரு மாத வாடகையை இன்றே அனுப்பினால் உங்களுக்காகப் பிடித்து வைக்கிறேன்" என்கிறார். நம்மூரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பது போலத்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். அனுப்பலாமா? ஒப்பந்தம் ஓராண்டுக்குப் போடுவதா, ஈராண்டுக்கா? குடும்பம் வரும் வரை அந்த ஆறு வாரம் ஏதாவது ஓர் அறையில் தங்கிக்கொள்ள முடியுமா? வீடு பிடிக்கும் அன்று மொத்தம் எவ்வளவு கையில் இருக்கவேண்டும்?

---

வெண்ணாறு, தஞ்சாவூர்

அனுப்பாதீர்கள், தம்பி. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு காசு கூட வேண்டாம். தெம்பனிஸில் முழு 3-அறை வீடு 2,200 வெள்ளிக்கு என்றால் அந்த விலையே சந்தேகத்துக்குரியது. வீவக, அதாவது அங்கே அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டித்தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நகர்வாரியாக, வீட்டு வகைவாரியாக நடு வாடகையைக் காலாண்டுதோறும் தன் தளத்தில் போடுகிறது. விளம்பர விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நூறு வெள்ளி கீழே இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று சரியில்லை.

அடுத்து முகவர். சிங்கப்பூரில் ஒவ்வொரு முகவருக்கும் சிஇஏ என்ற சொத்து முகவர் மன்றத்தில் பதிவு எண் உண்டு, 'ஆர்' எழுத்தில் தொடங்கும். அந்த மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பதிவு எண்ணையும் தேடலாம், கைபேசி எண்ணையும் தேடலாம். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருந்து, உங்களோடு பேசும் கைபேசி எண் மட்டும் பதிவேட்டில் இல்லாவிட்டால், உண்மையான ஒரு முகவரின் பெயரை வேறு யாரோ போட்டுக்கொண்டு பேசுகிறார் என்று அர்த்தம். அட்டையின் படத்தை அனுப்பினார் என்பதெல்லாம் சான்றே ஆகாது.

இன்னொரு விதியையும் மனதில் வையுங்கள்: வீவக வீட்டு வாடகையில் முகவர் பரிவர்த்தனைப் பணத்தைக் கையால் தொடவே கூடாது. முன்பணம், முதல் வாடகை எல்லாம் நேரே உரிமையாளர் கணக்குக்குத்தான் போகவேண்டும். "என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதே முகவர் உரிமையாளருக்கும் உங்களுக்கும் சேர்த்து ஆளாக இருப்பதும் அங்கே தடை. உரிமையாளரின் முகவர் என்றால் அவர் உரிமையாளரின் நலனைத்தான் பார்ப்பார், உங்களிடம் கமிஷன் கேட்கவும் கூடாது.

வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுப்பதில் நம் ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன்.

பாஸ்: வாடகை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தேதியில் உங்கள் பாஸில் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்கவேண்டும். ஒப்புதல் கடிதத்தை வைத்துக்கொண்டு வீடு பார்க்கலாம், பேசலாம். ஆனால் உரிமையாளர் உங்கள் அசல் பாஸையும் கடவுச்சீட்டையும் பார்த்துச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். அதனால் பாஸ் வழங்கப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுவதே ஒழுங்கு.

அனுமதி: உரிமையாளர் வாடகைக்கு விடுமுன் வீவகவிடம் அனுமதி வாங்கியாகவேண்டும். அனுமதி இல்லாத வீட்டில் குடியேறினால், பின்னால் நடவடிக்கை வரும்போது வெளியேற வேண்டியது நீங்கள்தான். வெளிநாட்டவர் ஒதுக்கீடு என்றும் ஒன்று உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் முழு வீடு வாடகைக்கு விடுவதில் அக்கம்பக்க அளவில் 8 விழுக்காடு, புளோக் (ஒரு கட்டடம்) அளவில் 11 விழுக்காடு என வரம்பு. வரம்பு நிரம்பிய புளோக்கில் உரிமையாளருக்கு மனமிருந்தாலும் உங்களுக்கு முழு வீடு தர முடியாது. சில உரிமையாளர்களுக்கே இது தெரியாமல் விளம்பரம் போட்டுவிடுவார்கள். வீடு பிடித்துப்போனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

பெயர்கள்: வீட்டில் குடியிருக்கும் எல்லோர் பெயரும் பதிவாகவேண்டும். மனைவி, மகள் பின்னால் வந்தாலும் அவர்கள் வருவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள ஊர்ப் பையன் ஒருவனை ஓர் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் உள்வாடகை விடுவதை வீவக அனுமதிப்பதில்லை.

'3 ரூம்' என்றால் மூன்று படுக்கையறை அல்ல. கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவது அங்கே கணக்கு. 3-அறை வீடு என்றால் கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை. 650 முதல் 700 சதுர அடி வரும். உங்கள் மூவருக்குப் போதும். புதிய வீடுகளில் தடித்த இரும்புக் கதவோடு ஒரு சிற்றறை இருக்கும். அது பாதுகாப்பு அறை, சாமான் வைக்கலாம், தூங்கும் அறையாக்க வீவக விடாது.

அந்த ஆறு வாரத்துக்கு வருவோம். வீவக வீட்டிலோ அறையிலோ வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம். தனியார் அடுக்குமாடி வீடான கொண்டோவில் குறைந்தது 3 மாதம். "நம்ம பக்கத்து ஆள் வீட்டில் ஓர் அறை, ஒன்றரை மாதம் காசு கொடுத்து இருந்துகொள்" என்று யார் சொன்னாலும் அது விதிமீறல், சிக்கல் அந்த ஆளுக்குத்தான் முதலில் வரும். ஹோட்டல், ஹாஸ்டல், உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட், இந்த மூன்றுதான் சில வாரங்களுக்கு வழி. நிறுவனத்திடம் இரண்டு வாரத் தங்குமிடம் கேளுங்கள். கேட்காமல் விட்டுவிடுகிறோம், கேட்டால் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வீடு பார்த்து, குடும்பத்துக்கான வீட்டையே நேராக எடுத்துவிடுவதுதான் ஆறு மாத அறை வாடகையில் மாட்டிக்கொள்வதை விட மேல்.

அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க் என்றால் எக்ஸ்போ நிலையம். தெம்பனிஸ், சீமெய், பிடோக் பகுதிகள் பக்கம். டவுன்டவுன் ரயில்தடத்தில் வீடு அமைந்தால் ஜாலான் புசாரில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு நடந்தே போகலாம். வாரச் சாமான் வாங்க அது பெரிய வசதி.

---

கோரையாறு, முத்துப்பேட்டை

வெண்ணாறு அண்ணன் உள்ளே போவதைச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது எப்படி வெளியே வருவது என்பதை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலை போனாலோ, வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டாலோ ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க ஒரு பிரிவு உண்டு, 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்பார்கள். வழக்கமான வடிவம்: முதல் 12 மாதம் முடிந்த பிறகே அதைப் பயன்படுத்தலாம், 2 மாத முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆக, எப்படிப் பார்த்தாலும் 14 மாத வாடகை உறுதி. இந்தப் பிரிவு இரண்டாண்டு ஒப்பந்தத்தில்தான் பொதுவாக இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்காது, கேட்டு வாங்கினால்தான் உண்டு.

அதனால் "ஓராண்டு போட்டால் பயமில்லை" என்று நினைக்கவேண்டாம். முதல் ஆண்டில் இரண்டுமே உங்களை ஒரே மாதிரிதான் கட்டிப்போடும். பிறகு வேறுபாடு இதுதான்: ஓராண்டு முடிந்ததும் நீங்கள் சுதந்திரம், ஆனால் உரிமையாளர் வாடகையை ஏற்றலாம். இரண்டாண்டில் வாடகை நிலையாக இருக்கும், 14 மாதத்துக்குப் பிறகு காரணத்தோடு வெளியேறலாம். முன்பணம் ஓராண்டுக்கு 1 மாத வாடகை, ஈராண்டுக்கு 2 மாத வாடகை என்பது வழக்கம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வீவக வீட்டை ஒரு தடவைக்கு 2 ஆண்டுக்கு மேல் விட முடியாது. முதல்முறை எம்ப்ளாய்மென்ட் பாஸும் அதிகபட்சம் 2 ஆண்டுக்குத்தான் தருவார்கள் என்பதால் அது உங்களுக்குப் பொருந்திவரும்.

பிரிவின் சொற்களை வரிவரியாகப் படியுங்கள். 'நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினால்' என்று மட்டும் இருந்தால், பாஸ் புதுப்பிக்கப்படாதது அதில் அடங்காது. 'சிங்கப்பூரில் தங்கவோ வேலை செய்யவோ எந்தக் காரணத்தாலும் அனுமதி இல்லாமல் போனால்' என்று அகலமாக எழுதச் சொல்லுங்கள். நீங்களாக வேலையை விட்டால் பொதுவாக இது செல்லாது. இதன் கூடவே ஒரு குட்டிப் பிரிவு வரும்: முன்கூட்டி வெளியேறினால், உரிமையாளர் தன் முகவருக்குக் கொடுத்த கமிஷனில் மிச்ச மாதங்களுக்கான பங்கை நீங்கள் திருப்பித் தரவேண்டும். உரிமையாளர் 24 மாதத்துக்கு 3,000 வெள்ளி கொடுத்திருந்து நீங்கள் 14-ஆம் மாதம் போனால், 10 மாதப் பங்கு 1,250 வெள்ளி. அந்தத் தொகை தேய்ந்துகொண்டே வரும்படி கணக்கு எழுதியிருக்கிறதா, முழுத் தொகை என்றிருக்கிறதா பாருங்கள்.

நடைமுறை வரிசை இது. வீடு பிடித்தால் முதலில் ஒரு 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' (வீட்டை எடுக்க விருப்பம் தெரிவிக்கும் கடிதம்) எழுதி, அதோடு ஒரு மாத வாடகைக்கு ஈடான தொகையைத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியதை எல்லாம் கேட்க இதுதான் நேரம். ஒப்பந்தம் அச்சாகி வந்த பிறகு கேட்டால் நடக்காது. அந்தக் கடிதத்தில் இரண்டு வாக்கியம் கட்டாயம் வேண்டும்: வீவக அனுமதி கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திரும்ப வரவேண்டும், ஒப்பந்த விதிகள் இந்தக் கடிதத்துக்கு முரணாக இருந்து உடன்பாடு வராவிட்டாலும் திரும்ப வரவேண்டும். பிறகுதான் ஒப்பந்தம். சிஇஏ ஒரு மாதிரி ஒப்பந்தத்தை இலவசமாக வைத்திருக்கிறது. உரிமையாளர் தருவதை அதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எங்கே உங்கள் மேல் சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

முத்திரைத் தீர்வை வாடகைக்காரர் பொறுப்பு. 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் வரித்துறையின் இணையதளத்தில் கட்டவேண்டும். மூன்று மாதம் வரை தாமதித்தால் தண்டம் 10 வெள்ளி அல்லது தீர்வைக்குச் சமமான தொகை, எது அதிகமோ அது. அதற்கு மேல் போனால் நான்கு மடங்கு வரை. தண்டத்தை விடப் பெரிய கேடு, முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக ஏறாது. பிறகு முன்பணத்துக்காக வழக்காட உங்கள் கையில் ஒன்றும் இல்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முகவர் சொன்னாலும் சான்றிதழைக் கையில் வாங்குங்கள்.

3,000 வெள்ளி வாடகைக்குக் கணக்கு, ஈராண்டு என்றால்: முன்பணம் 6,000, முதல் மாதம் 3,000, முத்திரை 72,000-இல் 0.4 விழுக்காடு, அதாவது 288. உங்கள் தரப்பில் முகவர் வைத்தால் கமிஷன் ஒரு மாதம் வரை, அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் அதன் மேல் 9 விழுக்காடு. ஓராண்டு என்றால்: 3,000, 3,000, 144, கமிஷன் அரை மாதம். கமிஷனுக்குச் சட்டம் விகிதம் வைக்கவில்லை, பேரம் பேசலாம். மின்சார, தண்ணீர் இணைப்புக்கு ஒரு வைப்புத்தொகை தனி. ஆக, ஈராண்டுக்கு 13,000 வெள்ளி இருந்தால் மூச்சுத் திணறாது.

---

பாமணியாறு

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. பணம் அனுப்பவில்லை. பதிவேட்டில் தேடினேன், அந்தக் கைபேசி எண்ணே அதில் இல்லை.

இரண்டு சந்தேகம். ஐந்தாம் மாதத்தில் வேலை போய்விட்டால் என்ன செய்வது? இன்னொன்று, பல விளம்பரங்களில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருக்கிறது. அது என்ன? கிரைண்டர், அடுப்பு எல்லாம் எடுத்துப்போகலாமா என்று மனைவி கேட்கச் சொன்னாள்.

---

கோரையாறு

ஐந்தாம் மாதம் பற்றி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானதும் கிளம்ப 30 நாள் அவகாசம் தருவார்கள். டிப்ளமேட்டிக் கிளாஸ் கேட்பதோ 2 மாத முன்னறிவிப்பு, அதுவும் 12 மாதத்துக்குப் பிறகு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது, சிக்கலின் வேர் அதுதான். மூன்று வழி உண்டு. ஒன்று, கடிதம் எழுதும்போதே '6 மாதம் முடிந்த பிறகு, 2 மாத முன்னறிவிப்பு' என்று கேட்பது. வீடு ஓரிரு மாதம் காலியாகக் கிடந்த உரிமையாளர் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, ஒப்பந்தத்தை நிறுவனத்தின் பெயரில் போடச் சொல்வது. மூன்று, வெளியேற நேர்ந்தால் உரிமையாளர் ஏற்கும் மாற்றுக் குடித்தனக்காரரை நீங்களே கொண்டுவந்து நிறுத்துவது. புது ஒப்பந்தம், புது வீவக அனுமதி எல்லாம் அவர் பெயரில் ஆகவேண்டும். சாவியைக் கை மாற்றிவிட்டுப் போவது கூடாது. எதுவும் சொல்லாமல் விமானம் ஏறுவது தீர்வல்ல, முன்பணம் போவதோடு கடன் அப்படியே நிற்கும்.

---

அரசலாறு, கும்பகோணம்

சமையல் விஷயம் நான் சொல்கிறேன். 'லைட் குக்கிங்' என்றால் நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம். தாளிப்பது, வறுப்பது, பொரிப்பது, மீன் குழம்பு வைப்பது எல்லாம் அதில் வராது. "போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த வீட்டை எடுக்காதீர்கள். தினம் சாம்பாருக்குத் தாளிக்கும் வீட்டில் அது மாதாமாதம் சண்டையாகும், கடைசியில் சுவர் கழுவவும் வண்ணம் பூசவும் முன்பணத்தில் கைவைப்பார்கள். பார்க்கப் போகும்போதே "நாங்கள் தினமும் மூன்று வேளை சமைப்போம், எண்ணெய் வைத்துச் சமைப்போம்" என்று சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சில உரிமையாளர்கள் இந்தியர் என்றதுமே தயங்குவார்கள், வருத்தமான விஷயம்தான். அவர்களை மாற்றப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போவது நேரத்துக்கு நல்லது.

சமையலறை கூடத்தோடு திறந்த மாதிரி இருந்தால் தாளிப்பு வாசம் சோபா, திரைச்சீலை வரை ஏறும். கதவோடு மூடும் சமையலறை, வெளிக்காற்றுக்கு ஜன்னல், வேலை செய்யும் புகைபோக்கி இருக்கும் வீடாகப் பாருங்கள்.

அடுப்பு எடுத்துப்போகாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் குழாய் வழி வருவது டவுன் கேஸ். நம் சிலிண்டர் எரிவாயுவுக்குச் செய்த பர்னர் துளை அதற்குப் பொருந்தாது. அடுப்பு வீட்டோடே இருக்கும். கிரைண்டரும் மிக்ஸியும் ஓடும். மின்னழுத்தம் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் வேறு, மூன்று தட்டை முனை கொண்ட 13 ஆம்பியர் வகை, உள்ளே ஃபியூஸ் இருக்கும். விமான நிலையத்தில் விற்கும் சர்வதேச அடாப்டரில் மிக்ஸியைச் செருகி ஓட்டவேண்டாம், சூடாகிப் பிளாஸ்டிக் இளகும். ஒயரின் முனையில் 13 ஆம்பியர் பிளக்கை மாற்றிவிடுங்கள். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் நிற்கும், திருச்சி விமானத்தில் உங்கள் எடை வரம்பில் பாதியை அது தின்றுவிடும். கல்லைத் தனியே துணியில் சுற்றி வையுங்கள். மாவரைக்கும் நேரம் இரவு 10 மணிக்கு மேலும் காலை 8 மணிக்கு முன்னும் வேண்டாம், கீழ்வீட்டுக்கு அந்த அதிர்வு கேட்கும்.

வீடு பார்க்கும்போது பதினைந்து நிமிடமாவது நின்று ஏசியை ஓடவிடுங்கள், சொட்டுகிறதா பாருங்கள். குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் பாருங்கள். குளியலறைக் கூரையில் பழுப்புக் கறை இருந்தால் மேல்வீட்டிலிருந்து கசிகிறது. மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்காமல் அது தீராது, மாதக்கணக்கில் இழுக்கும். அலமாரியின் பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாசம் அங்கேதான் தெரியும். பழைய வீடுகளில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். மூடி இறுக்கமாக மூடாவிட்டால் கரப்பான் ஓயாது. மேற்குப் பார்த்த படுக்கையறை மாலையில் அடுப்பாகும், ஏசி கட்டணம் ஏறும். மின்சாரம் ஒரு யூனிட் 30 சிங்கப்பூர் காசு (சென்ட்) அளவில் வரும், நம்மூர் மாதிரி இலவச யூனிட் இல்லை. லிஃப்ட் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளையும் படியுங்கள். பழைய புளோக்குகளில் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் நடக்கும், குளியலறையை உடைத்துக் கட்ட வீட்டுக்குள் 10 நாள் வேலை ஓடும். சின்னக் குழந்தையோடு அது பெரும் பாடு. குழந்தை இருப்பதால் எல்லா ஜன்னலுக்கும் கம்பி உண்டா என்று பார்த்து, இல்லாவிட்டால் குடியேறும் முன் போடச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

---

குடமுருட்டி, பாபநாசம்

முன்பணம் திரும்ப வருமா என்பது சாவி வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

சாமான் பட்டியல் ஒன்று தருவார்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கீறல், உடைசல், கறை எல்லாவற்றையும் பட்டியலிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். அலமாரி உள்பக்கம், மெத்தையின் இரண்டு பக்கம், அடுப்பு மேடை, ஏசி, கழிவறைத் தொட்டியின் உள்பக்கம் வரை. மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களும் படத்தில் வரவேண்டும். அன்றைக்கே உரிமையாளருக்கும் முகவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கைபேசியில் வைத்திருப்பதால் பயனில்லை, தேதியோடு அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் 30 நாளுக்குள் தெரிவிக்கும் பழுதை உரிமையாளரே சரிசெய்வார். அந்த 30 நாளில் சலவை இயந்திரம், ஹீட்டர், எல்லா ஏசியையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு 'மைனர் ரிப்பேர்' பிரிவு வேலை செய்யத் தொடங்கும். ஒவ்வொரு பழுதிலும் முதல் 150 முதல் 300 வெள்ளி வரை உங்கள் தலையில், மேற்கொண்டு உரிமையாளர். 150-க்குப் பேசுங்கள். ஏசி கம்ப்ரசர், வாட்டர் ஹீட்டர், சுவருக்குள் ஓடும் குழாய் ஆகியவை தேய்ந்து போனால் முழுதும் உரிமையாளர் செலவு என்று தனியே எழுதி வாங்குங்கள்.

ஏசியைத்தான் பெரும்பாலான சண்டைகள் சுற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது வாடகைக்காரர் கடமை என்று எழுதியிருப்பார்கள். செய்யாவிட்டால் தண்ணீர் வடியும் குழாயில் பாசி மாதிரி வழவழப்பு அடைத்து, நீர் உள்ளே திரும்பி, கீழே இருக்கும் அலமாரியிலும் மரத்தரையிலும் சொட்டும். ஏசி சர்வீஸுக்கு ஆகும் செலவை விட ஊறிப்போன தரைக்கு ஆகும் செலவு பல மடங்கு. ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். குடியேறும்போது உரிமையாளர் செலவில் ஏசிக்கு ஒரு கெமிக்கல் வாஷ் (ரசாயனம் கொண்டு கழுவுவது) செய்து தரச் சொன்னால் முந்தைய குடித்தனத்தின் அழுக்கு உங்கள் கணக்கில் வராது.

நம் வீடுகளில் முன்பணத்தைத் தின்பவை: பூஜை விளக்கின் கரி படிந்த சுவரும் கூரையும், வெள்ளை மேடையில் மஞ்சள் கறை, புகைபோக்கியில் எண்ணெய்ப் படலம், படம் மாட்ட அடித்த ஆணி. விளக்கை ஒரு தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஆணிக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும் கொக்கி. இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

ஒரு பெரிய தவறு நம் பழக்கத்தால் வருவது. இங்கே காலி செய்யும்போது கடைசி இரண்டு மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வோம், வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்வார். அங்கே அப்படிச் செய்தால் ஒப்பந்த மீறல். கடைசி மாதம் வரை வாடகை கட்டவேண்டும், முன்பணம் பிறகு தனியாகத் திரும்பும். பெரும்பாலும் 14 நாளுக்குள் என்று எழுதியிருக்கும், எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

திரும்பத் தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல் (சிறு தொகை வழக்கு மன்றம்) இருக்கிறது. 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம், 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போகவேண்டும். ஊர் திரும்பிவிட்ட பிறகு இதை நடத்துவது கடினம் என்பதால், சாவி ஒப்படைக்கும் நாளையும் விமான நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் முன்பணம் வந்து சேரும் வரை மூடக்கூடாது.

---

வெண்ணாறு

பணம் கொண்டுபோவது பற்றி ஒரு வார்த்தை. 13,000 வெள்ளியை நோட்டாக எடுத்துப்போக முடியாது. இங்கிருந்து ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குத்தான் அனுமதி, மிச்சம் ஃபாரெக்ஸ் அட்டையில். ஆனால் வீட்டு உரிமையாளர் அட்டையை ஏற்கமாட்டார், வங்கி மாற்று அல்லது பேநவ் (கைபேசி வழி உடனடிப் பணமாற்று) கேட்பார். பாஸ் கிடைத்ததும் முதல் வேலையாகச் சிங்கப்பூரில் கணக்குத் தொடங்குங்கள். ஊர் வங்கியில் பான் எண்ணோடு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் கொடுத்து அந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி பிடிப்பதில்லை. பணம் போய்ச் சேர வேலை நாள்கள் சில ஆகும், சனி ஞாயிறு குறுக்கிட்டால் இன்னும் கூடும். ஒப்பந்த நாளுக்கு முன்தினம் அனுப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

---

பாமணியாறு

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. ஜூலை நடுவில் வீடு அமைந்தால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை வாடகையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாமா?

---

அரசலாறு

கேட்கலாம், ஆனால் ஒரு மாதம் வீட்டைக் காலியாக வைத்திருக்க யாரும் இசையமாட்டார்கள். வாடகை ஒப்பந்தத் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் எப்போது பால் காய்ச்சினாலும். ஆனி முடிய, ஜூலை 16-க்குள் சாவி கிடைக்கும்படி ஒப்பந்தத்தை வைத்து, அன்றே நல்ல நேரம் பார்த்து ஒரு டம்ளர் பால் காய்ச்சி இறக்கிவிடுங்கள். சாஸ்திரத்துக்கு அது போதும் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு முந்தைய நாளே மின்சாரம், எரிவாயு இணைப்புப் பெயர் மாறியிருக்கவேண்டும். சாவி வாங்கிய பிறகு எரிவாயு இணைப்புக்கு ஆள் வரக் காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். வீட்டுக்குள் ஹோமம் மட்டும் வேண்டாம், தம்பி. புகை அலாரம் பொருத்திய வீடாக இருந்தால் புளோக்கே விழித்துக்கொள்ளும். வாசல் கோலத்தை உங்கள் கதவுக்கு முன் கையளவாகப் போடுங்கள். பொது நடைவழியில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்கவேண்டும், செருப்பு அலமாரியும், மகளின் சைக்கிளும் அதற்குள் வரக்கூடாது.